நாற்பத்திரண்டு கால் போதாது

இந்தக் கதையில் சிரிப்பு இருக்கிறது. அதற்கு நான் பொறுப்பு. ஆனால் இப்போதே வாயைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார வேண்டாம், ஈ புகுந்துவிடும். சிரிப்பு வர நேரமாகும். அதற்கு முன்னால் ஒரு குளத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். குளத்தில் சிரிக்க ஒன்றுமில்லை, தண்ணீர்தான் இருக்கிறது.

நெட்டைக்குளம் என்று பேர். கல்லுப்பொட்டல், ஆவாரங்குறிச்சி என்ற இரண்டு ஊருக்கும் பொது. ஐப்பசி மழையில் குளம் பெருகியதும், முதல் தண்ணீர் யாருக்கு என்று ஒரு பந்தயம் வைப்பார்கள். கரையின் இந்த முனையில் அரசமரம், அந்த முனையில் மடை, நடுவில் ஐந்நூறு அடி. பாதி வழியில் கரை ஒரு வளைவு வளையும். வளைவில் பனைமரங்கள் நெருக்கி நிற்பதால் அரசமரத்தடியிலிருந்து பார்த்தால் மடை தெரியாது. நீர்பாய்ச்சி சொள்ளமுத்துதான் விசில் ஊதுவார். அவர் மூன்றாவது ஊர்க்காரர். அதனால் இரண்டு ஊரும் அவரைத் தாராளமாகத் திட்டலாம்.

சட்டம் மூன்றுதான். ஊருக்கு ஒண்ணுதான் ஓடணும். விசில் ஊதும்போது கால் அரசமரத்து வேரில் இருக்கணும். மடைக்கல்லில் முதலில் தேங்காய் உடைக்கிற ஊருக்கு முதல் தண்ணீர். அந்த ஊர் வயல் முழுக்க நனைந்த பிறகுதான் மற்ற ஊருக்கு மடை திரும்பும். அதற்குப் பதினைந்து நாள் பிடிக்கும்.

ஆவாரங்குறிச்சி மூன்று வருஷமாகத் தோற்றுக்கொண்டிருந்தது.

முதல் வருஷம் ஓடப்போனவனிடம், "அங்க இங்க பாக்காத, நேரா ஓடு" என்று சொல்லி அனுப்பினார்கள். கரை வளைந்தது. அவன் வளையவில்லை. குளத்திலிருந்து தூக்கினார்கள். இரண்டாம் வருஷம் போனவனிடம், "கல்லுப்பொட்டல்காரன விட்டுராத" என்றார்கள். அவன் கடைசிவரை விடவில்லை, கல்லுப்பொட்டல்காரன் இடுப்பைக் கட்டிக்கொண்டே போய் அவன் தேங்காய் உடைப்பதைப் பக்கத்திலிருந்து பார்த்துவிட்டு வந்தான். மூன்றாம் வருஷம், "உயிரக் குடுத்து ஓடணும்" என்றார்கள். அந்த ஆள் வேரிலேயே உட்கார்ந்துவிட்டான். வீட்டில் இரண்டு பெண்பிள்ளைகள் இருக்காம்.

இதற்குச் சிரித்துவிட்டீர்களா? அவசரப்பட்டுவிட்டீர்கள். இது வெறும் பழைய பாக்கி.

இந்த வருஷம் ஓடப்போவது மாடத்தி என்று முடிவாகியிருந்தது. முப்பத்துநாலு ஆடு மேய்க்கிறவள். கடைமடையில் அவளுக்கு அரை ஏக்கர் உண்டு. அதில் நாற்று விட்டு இருபத்தைந்து நாள் ஆகிறது. முதல் தண்ணீர் வந்தால் நடலாம். இன்னும் பதினைந்து நாள் கழித்து வந்தால் நாற்று முற்றிப்போகும். "மூணு வருசமா நாத்தங்காலிலேயே ஆட்டுக்குத் தீவனம் அறுக்கேன்" என்று அவள் சொன்னபோது அவள் ஆடுகளைத் தவிர யாருக்கும் சந்தோஷமில்லை.

மாடத்தி ஓடினால் பின்னால் புழுதிதான் தெரியும், அவள் தெரியமாட்டாள். ஒருநாள் தப்பித்த கிடாயைத் துரத்திக்கொண்டு மினி பஸ்ஸைத் தாண்டிப் போனாள். அந்த பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்தது யார் தெரியுமா? வைகுண்டம். கல்லுப்பொட்டலுக்கு மூன்று வருஷமாக ஓடி ஜெயித்த அதே வைகுண்டம். அவனுக்கு ஜன்னல் காற்றிலும் வேர்த்தது.

மறுநாள் காலையில் ஆவாரங்குறிச்சி டீக்கடைக்கு வந்துவிட்டான். ஊர்த்தலைவர் கொம்பையா அங்கே இருந்தார். இனிமேல் குரலோடு படியுங்கள். குடத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு பேசினால் கொம்பையா. கருப்பட்டிப் பாகை நாக்கில் உருட்டிக்கொண்டு பேசினால் வைகுண்டம்.

"அண்ணாச்சி, இந்த வருசம் யாரு ஓடுதா?"

"நம்ம மாடத்தி."

"அந்தப் பிள்ளைக்குக் காலு எத்தன?"

கொம்பையா கண்ணை மூடி யோசித்தார். "நான் பாத்தமட்டும் ரெண்டு."

"எனக்கும் ரெண்டு. ரெண்டுக்கு ரெண்டு கழிஞ்சு போச்சு. பொறவு எத வச்சு ஜெயிப்பீரு?"

கொம்பையாவின் டீ ஆறிப்போனது.

"பூரான் பாத்திருக்கீரா அண்ணாச்சி? அடுப்படியில ஒண்ணு இருந்துதுன்னு விளக்குமாத்த எடுக்கதுக்குள்ள அது வாசலத் தாண்டியிருக்கும். எதனால? காலு. கால் கூடக்கூட வேகம். எதிராளியா இருந்தாலும் மனசு கேக்கல, சொல்லிட்டேன்."

"நீ நல்லா இருக்கணும்ல" என்றார் கொம்பையா. அவர் கண்ணில் தண்ணீர். குளத்தில் இருப்பது போதாதென்று.

சாயங்காலமே சாவடியில் கூட்டம். யாரோ சொன்னதை அப்படியே நம்பிவிட நாம் என்ன முட்டாள்களா, சோதித்துப் பார்த்துவிடுவோம் என்று கொம்பையா சொன்னார். ஊரில் கணக்கு தெரிந்தவன் உச்சிமாகாளி. எண்ணெய் போடாத கிணற்று உருளை சுற்றுகிற சத்தம் தெரியுமல்லவா, அது அவன் குரல். ஒரு எறும்பு, ஒரு சிலந்தி, ஒரு பூரான், ஒரு மரவட்டை பிடித்து வந்து, யாருக்கு எத்தனை கால் என்று எண்ணி, பிறகு ஓடவிடுவது என்று தீர்மானம்.

எறும்புக்கு ஆறு. சிலந்திக்கு எட்டு. இதுவரை சுகம்.

பூரான் பெரிய பூரான், ஒரு சாண் நீளம். உச்சிமாகாளி அதை எடுத்து உள்ளங்கையில் வைத்தான்.

"எண்ணி முடிக்கமட்டும் விடாத" என்றார் கொம்பையா.

பூரான் கடித்தது. உச்சிமாகாளி விடவில்லை. "பதினொண்ணு, பன்னெண்டு, யம்மா, பதிமூணு" என்று எண்ணினான். மறுபடி கடித்தது. எண்ணிக்கை விட்டுப்போனது. ஒன்றிலிருந்து ஆரம்பித்தான். நாற்பத்திரண்டு என்று முடிக்கும்போது அவன் கை வீங்கி, விரல் எது கை எது என்று தெரியாமல் இருந்தது.

"சரியா எண்ணினியா?"

"வலதுபக்கம் இருபத்தொண்ணு, இடதுபக்கம் இருபத்தொண்ணு."

"கூட்டினா?"

"கூட்ட விரலு மடங்க மாட்டேங்கு அண்ணாச்சி."

மரவட்டையின் காலை இரண்டு பேர் சேர்ந்து எண்ணினார்கள். அது கடிக்காது, ஆனால் தொட்டதும் சுருண்டுகொள்ளும். விரிந்து, சுருண்டு, விரிந்து, ஒருவழியாக இருநூறைத் தாண்டியதும் போதும் என்று விட்டுவிட்டார்கள். பிறகு நான்கையும் ஒரு கோட்டில் வைத்து ஓடவிட்டார்கள். பூரான் கண்ணை மூடித் திறப்பதற்குள் உச்சிமாகாளியின் வேட்டிக்குள் போய்விட்டது. அதனால் உச்சிமாகாளிக்கு இரண்டாம் பரிசு. அவனும் நல்ல வேகமாகத்தான் ஓடினான். மரவட்டை மட்டும் கோட்டிலேயே நின்று, முன்னால் போகலாமா என்று மீசையை ஆட்டி யோசித்துக்கொண்டிருந்தது.

கூட்டம் கவலையில் ஆழ்ந்தது.

"இருநூறு காலு இருந்தும் இது ஏன் போகல?" என்றாள் மாடத்தி. அவள் குரலைச் சாதாரணமாகவே படிக்கலாம். "கால் கூடினா வேகம்னா, இதுல்லா முதல்ல போயிருக்கணும்?"

கொம்பையா தரையில் படுத்து, மரவட்டையை மூக்கோடு மூக்கு வைத்துப் பார்த்தார்.

"எனக்குப் புரிஞ்சு போச்சு" என்றார். "இது ஒவ்வொரு காலும் அடுத்த காலு போகட்டும்னு பாக்கு. இருநூத்தில ஒரு ஆளு போகாட்டா என்ன குறைஞ்சிரும்னு அதுக்குள்ள நெனப்பு."

"வாய்க்கால் வெட்டப் போனப்ப நாம இருந்தமே, அது மாதிரியா?" என்றான் உச்சிமாகாளி.

"அதே மாதிரிதான். காலுல குறையில்ல. கட்டுப்பாடு இல்ல. கட்டுப்பாடா இருந்தா இதுதான் உலகத்துலேயே வேகம்."

எல்லோருக்கும் மூச்சு வந்தது. மாடத்தி மட்டும், "நான் ஒத்தையா ஓடுதனே" என்றாள்.

"ஏட்டி, உன் ஓட்டத்துல குத்தமில்ல. உனக்கு ரெண்டு காலு. அது உன் தப்பில்ல. அதுக்காக யாரும் உன்னக் கேவலமா நெனைக்கல" என்றார் கொம்பையா அன்பாக.

அடுத்த நாள் ஒத்திகை. இருபத்தோரு பேரை ஒருவர் பின் ஒருவராக நிறுத்தி, இடுப்பில் வாழைநாரால் வரிசையாகக் கட்டினார்கள். நாற்பத்திரண்டு கால், ஒரு சுத்தமான பூரான். கொம்பையா தலை. "வலது" என்றார். பாதிப்பேர் சாப்பிடுகிற கைப்பக்கத்துக் காலைத் தூக்கினார்கள். மீதிப்பேர் கொம்பையாவின் முகத்தைப் பார்த்துப் பழகியவர்கள். அவர் எதிரே நிற்கும்போது அவருடைய வலது எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்துக் காலைத் தூக்கினார்கள். பூரான் மொத்தமாகச் சாய்ந்து சாணிக்குழியில் விழுந்தது.

வைகுண்டம் வரப்பில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். விழாமல் எப்படி ஓடுவது என்று அவனைத்தான் கேட்டார்கள். அவனும் சளைக்காமல் சொல்லிக்கொடுத்தான்.

"ஒரே மூச்சுல ஓடணும் அண்ணாச்சி."

மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். முப்பதடியில் ஏழு பேர் மயங்கி விழுந்தார்கள். மற்ற பதினாலு பேர் அவர்களை இழுத்துக்கொண்டு இன்னொரு பத்தடி போனார்கள், மூச்சுவிடாமல்தான்.

"காரணம் என்னன்னா, கால் போதாது" என்றான் வைகுண்டம், முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல். "பூரான் சாண் நீளம். அதுக்கு நாப்பத்திரண்டு சரி. ஐந்நூறு அடி கரைக்கு நாப்பத்திரண்டு எந்த மூலைக்கு? ஊரு முழுக்கக் கட்டும்."

"குழந்த குட்டிகளோடயா?"

"எல்லாக் காலும் காலுதானே."

"கெழடு கெட்டைங்க?"

"மெதுவாப் போற காலும் கணக்குல சேரும்."

கொம்பையா நெகிழ்ந்துபோனார். வைகுண்டத்துக்கு ஒரு இளநீர் வெட்டிக் கொடுத்தார். அவன் குடித்துக்கொண்டே மாடத்தியைப் பார்த்தான். அவள் ஆடுகளோடு ஒதுங்கி நின்றிருந்தாள். ஒருவேளை கடைசி நேரத்தில் இவர்களுக்குப் புத்தி வந்து அவளைத் தனியாக அனுப்பிவிட்டால்?

"அண்ணாச்சி, அந்த ஆட்டுக்கெல்லாம் தலைக்கு நாலு காலு" என்றான். "அதையும் சேத்துக் கட்டி, மாடத்தியக் கடைசியில கட்டிரும். அவ ஆடு அவ சொன்னாத்தானே கேக்கும்."

கூட்டத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. முப்பத்துநாலு நாலு எத்தனை என்று எல்லோரும் உச்சிமாகாளியைப் பார்த்தார்கள். அவன் வீங்கின கையைத் தூக்கிக் காட்டினான். நிறைய என்று முடிவு செய்துகொண்டார்கள்.

"கட்டிலுக்கும் நாலு காலு" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

வைகுண்டம் இளநீரை மூக்கு வழியாக விட்டான். துடைத்துக்கொண்டு, "நானே சொல்லணும்னு இருந்தேன்" என்றான்.

கொஞ்சம் பொறுங்கள். அவன் சிரித்துவிட்டுப் போகட்டும், நீங்கள் அப்புறம்.

பந்தய நாள் வந்தது. கல்லுப்பொட்டல் சனம் அத்தனையும் வேடிக்கை பார்க்க அரசமரத்தடியில் கூடிவிட்டது. மடைப்பக்கம் ஒரு ஈ காக்கை இல்லை. ஜெயிப்பதை எத்தனை தரம் பார்ப்பது, தோற்பதைப் பார்ப்போம் என்று எல்லோரும் இந்த முனைக்கே வந்துவிட்டார்கள்.

ஆவாரங்குறிச்சி கட்டிலோடும் ஆடுகளோடும் வந்து இறங்கியது. வந்ததுமே ஒரு சிக்கல். முதல் கால் வேரில் இருக்க வேண்டுமென்றால் மீதிக்கால்கள் மரத்துக்குப் பின்னால் நிற்க வேண்டும். மரத்துக்குப் பின்னால் உடைமுள் காடு.

"முள்ளுல நின்னா ஓடுத காலெல்லாம் வீணாப்போகும்" என்றார் கொம்பையா. "நாங்க முன்னாடி நின்னுக்கிடுதோம். வாலு மட்டும் வேருல இருக்கட்டும். சரியா?"

சொள்ளமுத்து தலையைச் சொறிந்தார். இருமலுக்கு நடுவே பேசுகிற மனிதர் அவர். "ஊருக்கு ஒண்ணுதான் ஓடணும். இது, க்ஹும், எத்தனை?"

"கட்டியிருக்கோம்லா. ஒண்ணு."

"கட்டு அவுந்தா ஆட்டம் கிடையாது. வைகுண்டம், க்ஹும், நீ என்ன சொல்லுத?"

வைகுண்டத்துக்கு மறுக்க என்ன இருக்கிறது? இப்படி ஒரு காட்சியை அவன் வாழ்நாளில் பார்த்ததில்லை. "நிக்கட்டும் அண்ணாச்சி. ஒரு காலு வேருல இருந்தாப் போதும். எத்தன காலு வேணும்னாலும் வச்சுக்கிடட்டும்."

கொம்பையா தேங்காயோடு முன்னால் போனார். அவர் பின்னால் உச்சிமாகாளியைக் கட்டினார்கள். பிறகு ஒவ்வொருவராக. ஆள் சேரச்சேர, "இன்னும் கொஞ்சம் தள்ளும்" என்று தலைக்குச் சொல்லி அனுப்பினார்கள். கொம்பையா தள்ளினார். நூற்றுப்பதினெட்டு பேர் கட்டி முடிந்தது. அதற்கு நடுநடுவே ஒன்பது கட்டில். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் தோளில் தூக்கிக்கொண்டு. காற்றில் நான்கு கால் தாராளமாக ஓடும். கடைசியில் முப்பத்துநாலு ஆடு, ஒன்றன் வாலோடு ஒன்றன் கழுத்து. எல்லாவற்றுக்கும் கடைசியில் மாடத்தி, வலது கால் வேரின் மேல். கொம்பையா எப்போதோ பனைமரங்களைத் தாண்டி மறைந்துவிட்டார். அங்கே அவர் என்ன ஆனார் என்று யாருக்கும் தெரியாது, யாரும் கேட்கவும் இல்லை.

மறைவதற்கு முன்னால் ஒரு உத்தரவு போட்டுவிட்டுத்தான் போனார். சாணிக்குழியில் படித்த பாடம். "நான் உத்தரவு வாங்காம காலத் தூக்க மாட்டேன். நான் தூக்காம யாரும் தூக்கக் கூடாது. விசில் ஊதினதும் வாலு, தனக்கு முன்னால நிக்கிறவங்க காதுல சொல்லணும். அவங்க அவங்களுக்கு முன்னால நிக்கிறவங்க காதுல. கத்தக் கூடாது. பூரான் கத்தாது."

சொள்ளமுத்து விசில் ஊதினார்.

மாடத்தி குனிந்து, தனக்கு முன்னால் நின்ற வெள்ளாட்டின் காதில், "விசில் ஊதியாச்சு, ஓடச் சொல்லு" என்றாள்.

ஆடு அவளைப் பார்த்தது. அசைபோட்டது.

வைகுண்டத்துக்குக் கால் கைகொடுக்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தான். கல்லுப்பொட்டல் சனம் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து சிரித்தது. "ஓடுல வைகுண்டம்" என்று யாரோ சொன்னதற்கு, "எதுக்கு ஓட? அந்த ஆடு முன்னால நிக்கிற ஆட்டுகிட்டச் சொல்லி, அது அடுத்த ஆட்டுகிட்டச் சொல்லி முடிக்கதுக்குள்ள நான் பெண்டாட்டி ஊருக்குப் போய் விருந்து சாப்பிட்டு வந்துருவேன்" என்றான். கண்ணைத் துடைத்தான். வேட்டியை உதறிக் கட்டினான். தேங்காயைத் தூக்கிப் போட்டுப் பிடித்தபடி நடந்தான். ஆமாம், நடந்துதான் போனான்.

பூரானின் பக்கத்திலேயே கரை ஓரமாக நடந்தான். ஆடுகளைத் தாண்டினான். அங்கே ஒரு நன்மை நடந்தது. முதல் ஆடு, தனக்கு முன்னால் கட்டில் தூக்கி நின்றவர் முதுகில் ஒரு முட்டு முட்டியது. அவர், "உத்தரவு வந்துட்டு" என்று கட்டிலுக்கு அந்தப்பக்கம் இருந்தவரிடம் சொன்னார்.

"யாரு சொன்னா?"

"ஆடு."

"எந்த ஆடு?"

"கறுப்பு."

"கறுப்பா? அது போன வாரம் என் அவரைக்கொடியத் தின்ன ஆடுல்லா. அது சொல்லி நான் கேக்கணுமா?"

இதை வைகுண்டம் நின்று முழுக்கக் கேட்டான். கேட்காமல் போக யாரால் முடியும்? வழக்கு தீர்ந்து, அவரைக்கொடிக்கு ஈடாக ஒரு குட்டி என்று பேசி, உத்தரவு அடுத்தவர் காதுக்குப் போன பிறகுதான் அவனும் நகர்ந்தான்.

இன்னும் பத்துப்பேர் தள்ளி ஒருவரிடம் கேட்டான். "என்ன மாமா, ஓடலையா?"

"ஓடிக்கிட்டுத்தான் இருக்கேன். என் முறை இன்னும் வரல."

கட்டிலின் மேல் ஒரு கிழவர் படுத்திருந்தார்.

"நீரு என்ன தாத்தா, படுத்துட்டீரு?"

"எனக்கு முழங்கால் வலி. கட்டில் எனக்காக ஓடுது."

வைகுண்டம் ஒரு பனையைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரித்து ஓய்ந்து பார்த்தால் உத்தரவு அவனைத் தாண்டி நாலு காது முன்னால் போயிருந்தது. அதனால் என்ன, அவன் மறுபடி நடந்தான். கைப்பிள்ளைக்காரி ஒருத்தி உத்தரவைத் தன் கைக்குழந்தையின் காதில் சொல்லிவிட்டு, அது முன்னால் இருப்பவரிடம் சொல்வதற்காகக் காத்துக்கொண்டிருந்தாள். உத்தரவு அங்கேயே நின்றது. வைகுண்டம் நிற்கவில்லை.

வளைவு வந்தது. இந்த இடத்தில் பூரான் முடிந்திருக்க வேண்டும் என்று அவன் நினைத்திருந்தான். முடியவில்லை. வளைவுக்கு அந்தப்பக்கமும் முதுகு முதுகாகப் போய்க்கொண்டே இருந்தது. அவன் சிரிப்பு கொஞ்சம் சின்னதானது. நடை கொஞ்சம் பெரிதானது. முதுகுகள் முடியவில்லை. கட்டில் வந்தது. மறுபடி முதுகுகள். இப்போது ஓடினான். வீங்கின கையோடு உச்சிமாகாளி வந்தான். உச்சிமாகாளிக்கு முன்னால் கொம்பையா, தேங்காயை இரண்டு கையிலும் நெஞ்சோடு பிடித்து, பட்டாளத்துக்காரர் மாதிரி நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தார்.

கொம்பையாவுக்கு முன்னால் மடைக்கல். அவர் வயிற்றில் இடித்துக்கொண்டிருந்தது.

வைகுண்டம் பாய்ந்தான். கொம்பையா ஒரு கையை நீட்டி அவன் தோள்துண்டைப் பிடித்து நிறுத்தினார்.

"இருல. விசில் ஊதியாச்சா?"

வைகுண்டம் மூச்சு வாங்கினான். ஆச்சு என்று சொன்னால் இந்த மனுஷன் கையைக் கீழே இறக்கினால் போதும், தேங்காய் உடைந்துவிடும். அதனால், "இன்னும் ஊதல அண்ணாச்சி" என்றான்.

"ஊதாம நீ எப்பிடி இங்க வந்த?"

வைகுண்டம் துண்டை வெடுக்கென்று இழுத்துப் பார்த்தான்.

"நாங்க இத்தன காலு வச்சுக்கிட்டு உத்தரவுக்காக நிக்கோம். நீ ரெண்டு காலு வச்சுக்கிட்டு இந்தத் துள்ளலா? ஊததுக்கு முன்னால ஓடினா ஆட்டம் செல்லாது. போ, போய் வேருல கால வச்சுட்டு, ஊதின பொறவு வா."

"துண்ட விடும் அண்ணாச்சி."

"விட மாட்டேன். உன் நல்லதுக்குத்தான் சொல்லுதேன். தப்பாட்டம் ஆடினேன்னு உனக்குக் கெட்ட பேரு வந்துரக் கூடாது. உச்சிமாகாளி, இவன மரத்தடிக்குத் திருப்பி அனுப்பு. காதுக்குக் காது சொல்லி, ஆளுக்கு ஆளு கைமாத்தி விடுங்க."

நூற்றுப்பதினேழு ஜோடி கை அவனை நோக்கித் திரும்பியது. வைகுண்டத்துக்குப் பொறுமை போய்விட்டது.

"ஊதியாச்சுவே. ஊதி எவ்வளவு நேரமாச்சு. ஊரு உலகத்துக்கே தெரியும்."

"அப்படியா? முதல்லயே சொல்லக் கூடாதா" என்றார் கொம்பையா. தேங்காயைக் கல்லில் போட்டார். அது சரிபாதியாக உடைந்தது.

சத்தம் கேட்டு சொள்ளமுத்து மரத்தடியிலிருந்து இருமிக்கொண்டே வந்து சேர்ந்தார். உடைந்த தேங்காயைப் பார்த்தார். பூரானைப் பார்த்தார். தலை இங்கே, வால் அங்கே வேரில், கட்டு எதுவும் அவிழவில்லை.

"விசில் ஊதின, க்ஹும், பொறவுதான் உடைச்சீரா?"

"வைகுண்டம்தான் சொன்னான். அவன் பொய் சொல்ல மாட்டான்" என்றார் கொம்பையா.

"க்ஹும். அப்ப முதல் தண்ணி ஆவாரங்குறிச்சிக்கு."

சொள்ளமுத்து மடையைத் திறந்தார். தண்ணீர் தெற்கே திரும்பியது. யாரும் ஆரவாரம் செய்யவில்லை, ஏனென்றால் உத்தரவு வரவில்லை. கால் நாழிகை கழித்து, கைக்குழந்தை வீறிட்டு அழுததால் உத்தரவு மறுபடி நகர்ந்து, காதுகாதாக வந்து, கடைசியில் உச்சிமாகாளி எட்டி கொம்பையாவின் காதில் சொன்னான். "அண்ணாச்சி, விசில் ஊதிட்டாகளாம். ஓடச் சொல்லுதாக."

"ஓடணும்னா ஓடிர வேண்டியதுதான்" என்றார் கொம்பையா.

"ஜெயிச்சாச்சே, இனி எங்க ஓட?" என்றார் சொள்ளமுத்து.

"அது உத்தரவுல இல்ல."

கொம்பையா வலது காலைத் தூக்கினார். இருநூற்று முப்பத்தாறு மனிதக் கால்களில் பாதி சேர்ந்து தூக்கியது, முதன்முதலாக ஒரே பக்கம். பூரான் மடையைத் தாண்டி, வாய்க்கால் வரப்பில் இறங்கி, தண்ணீரோடு தண்ணீராகத் தெற்கே ஓடியது. நிற்கச் சொல்ல யாரும் இல்லாததால் நிற்கவில்லை. கட்டில்கள் போயின. கிழவர் போனார். ஆடுகள் போயின. வைகுண்டம் துண்டு இல்லாமல் மடைக்கல் பக்கத்தில் நின்று ஒவ்வொரு காலாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எல்லாவற்றுக்கும் கடைசியாக, ஐந்நூறு அடியையும் காலால் ஓடி வந்த ஒரே ஆளான மாடத்தி அவன் முன்னால் வந்தாள். நாற்றங்காலுக்குப் போகிற தண்ணீரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"நான் ஒத்தையா ஓடியிருந்தா நீரு பக்கத்துலயாவது வந்திருப்பீரு அண்ணாச்சி" என்றாள். "கட்டில் யோசனைக்குச் சரின்னு சொன்னது நீருதானே?"

முன்னால் போன ஆடு அவளை இழுத்துக்கொண்டு போய்விட்டது.

வைகுண்டம் கையிலிருந்த முழுத் தேங்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். தான் சேர்க்கச் சொன்ன ஆடு, கட்டில், கிழவர், குழந்தை, எல்லாவற்றையும் விரல்விட்டு ஒருதரம் எண்ணினான். எண்ணிக்கை எங்கே போய் முடிகிறது என்று தெரிந்ததும் மெதுவாக மடைக்கல்லில் உட்கார்ந்து, தன் வாயில் தானே ஒரு அடி போட்டுக்கொண்டான்.